கோயபல்ஸ் பார்த்த படத்தைத்தான் நாங்களும் பார்க்கிறோமா?

பிரிட்ஸ் லாங்கின் 'எம்' படத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரம் பதினொரு பேர் கூடியிருந்து பார்த்தோம். சுவரில் ஒரு வெள்ளைத்துணி, இரவல் புரொஜெக்டர், ஆங்கில உபதலைப்பு. படம் முடிந்து லைட்டைப் போட்டதும் வந்த முதல் கருத்து: "பொலிஸ் வந்து கெடுத்துப்போட்டுது. பேசாமல் அவங்களிட்டையே விட்டிருக்கலாம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தரும் மறுக்கவில்லை. அடுத்த கருத்து: "அந்தக் காலத்துக்கு நல்ல படம்தான். ஆனால் சரியான ஸ்லோ."

அந்த இரண்டு வசனங்களோடும் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம். சொன்னவர்கள் எங்கட ஆக்கள்தான். கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஆகவே இது எங்களோடு நாங்களே பிடிக்கிற சண்டையும்தான்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறோம். 1931 இல் வந்த படத்தின் முடிவை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. பேர்ளின் நகரத்தில் சிறு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல்போய்ச் சடலமாகக் கிடைக்கிறார்கள். கொலைகாரன் யாரென்று தெரியவில்லை. பொலிஸ் இரவு பகலாகச் சோதனை நடத்துகிறது. அந்தச் சோதனைகளால் கள்ளர், சண்டியர், சூதாடிகள் எல்லோருடைய தொழிலும் படுக்கிறது. ஆகவே பாதாள உலகமும் தன் பங்குக்குக் கொலைகாரனைத் தேடத் தொடங்குகிறது. நகரத்துப் பிச்சைக்காரர்களைத் தெருத் தெருவாகக் கண்காணிக்க வைக்கிறார்கள். கடைசியில் ஆளைப் பிடிப்பதும் அவர்கள்தான். கைவிடப்பட்ட ஒரு சாராய வடிசாலையின் நிலவறையில் அவனுக்கு ஒரு 'நீதிமன்றம்' கூட்டுகிறார்கள். தீர்ப்பு முன்பே தயார். அவனை அடித்துக் கொல்லப் போகும் நேரத்தில் பொலிஸ் வந்து நிற்கிறது. எங்கட நண்பருக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

முதலில் அந்த 'ஸ்லோ'வை எடுப்போம்.

'எம்' லாங்கின் முதல் பேசும்படம். அதற்கு முதல் 'டொக்டர் மபுசே', 'நிபெலுங்கன்', 'மெற்றோபொலிஸ்' என்று பிரமாண்டமான மௌனப் படங்களை எடுத்து ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய ஆள். ஒலி வந்தபோது எல்லோரும் என்ன செய்தார்கள்? பாட வைத்தார்கள், ஓயாமல் பேச வைத்தார்கள். ஜேர்மனியில் 1930 இல் சக்கைபோடு போட்ட படங்களில் ஒன்று மூன்று நண்பர்கள் பெற்றோல் செற் நடத்திப் பாட்டுப் பாடுகிற படம். எங்கட பக்கத்தில் அதே 1931 இல், ஒக்ரோபர் கடைசியில், 'காளிதாஸ்' வந்தது. அதிலும் ஆட்களை இழுத்தது பாட்டுத்தான். புதுச் சாமான் கையில் கிடைத்தால் மனிசர் அப்படித்தான் செய்வார்கள். குற்றம் இல்லை.

லாங் என்ன செய்தார்? பின்னணி இசையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். முழுப்படத்திலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரேயொரு மெட்டு, கொலைகாரன் வாயால் அடிக்கிற விசில். அது நோர்வே இசையமைப்பாளர் கிரீக் 'பேர் கின்ற்' நாடகத்துக்காக அமைத்த ஒரு மெட்டு. இன்றைக்கு ஒவ்வொரு வில்லனுக்கும் ஒரு 'தீம் மியூசிக்' இருக்கிறது. ஆனால் அந்த மியூசிக் பார்வையாளரான எங்களுக்கு மட்டும்தான் கேட்கும். படத்துக்குள் நிற்கிறவர்களுக்குக் கேட்காது. 'எம்' படத்தில் விசில் தெருவில் நிற்பவர்களுக்கும் கேட்கிறது. பலூன் விற்கிற ஒரு கண் தெரியாத மனிதர், பிள்ளை காணாமல்போன அன்றைக்கு யாரோ விசிலடித்துக்கொண்டு தன்னிடம் பலூன் வாங்கியதை நினைவு வைத்திருக்கிறார். பிறகொரு நாள் அதே விசில் தெருவில் போகிறது. பொலிஸின் கைரேகை, கையெழுத்து ஆய்வு எல்லாம் அதுவரைக்கும் பிடிக்காத ஆளைக் கண் தெரியாத ஒருவரின் காது பிடிக்கிறது. ஒலி இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. பேசும்படம் வந்து ஓரிரு வருசத்துக்குள், ஒலியைக் கதையின் முதுகெலும்பாக வைக்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். நாங்கள் அதை 'ஸ்லோ' என்கிறோம்.

படத்தின் முதல் நிமிடங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. காட்சி வருவதற்கு முன்பே ஒரு பிள்ளையின் குரல் வருகிறது. முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று எண்ணி எண்ணி ஒருவரை வெளியேற்றும் விளையாட்டு. பாட்டில் வருவது பிள்ளைகளை வெட்டுகிற கறுப்பு மனிதன். மேலே ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாட வேண்டாமென்று ஏசுகிறார். உடுப்புத் தோய்க்கும் இன்னொரு பெண் சொல்கிறார்: அவர்கள் பாடுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்றாவது தெரியுமே. சாதாரணமாகக் கடந்துபோகிற வசனம். ஆனால் முழுப்படத்தின் சட்டமும் அதுதான். சத்தம் இருந்தால் உயிர் இருக்கிறது. சத்தம் நின்றால்?

சத்தம் நிற்கிறது. அந்த இரண்டாவது பெண், பெக்மன் அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் எல்சிக்காகச் சாப்பாடு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மணிக்கூடு அடிக்கிறது. படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, வேறு பிள்ளைகள். மணி அடிக்கிறது, தொடர்கதைப் புத்தகம் கொண்டுவருகிறவர். பிறகு அவர் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிறார். குரல் போய்க்கொண்டிருக்க நாங்கள் பார்ப்பது: ஆளில்லாத படிக்கட்டு. உடுப்புக் காய்கிற வெறும் மேல்மாடி. மேசையில் தொடாத கோப்பை. பற்றைக்குள் இருந்து உருண்டு வந்து நிற்கிற பந்து. தந்திக் கம்பியில் சிக்கி ஆடுகிற பலூன். அவ்வளவுதான். கத்தி இல்லை, இரத்தம் இல்லை, கொலைகாரனின் முகம்கூட இன்னும் சரியாகக் காட்டப்படவில்லை. பந்தையும் பலூனையும் கண்டதும் எங்களுக்கு விளங்கிவிடுகிறது. அதை விளங்கவைத்தது எங்கட மண்டைதான். லாங் ஒன்றையும் காட்டாமல் எங்களையே அந்தக் கொலையைக் கற்பனை செய்ய வைக்கிறார். இன்றைய 'சைக்கோ திறில்லர்'கள் உடலைத் துண்டு துண்டாகக் காட்டியும் செய்ய முடியாத வேலை இது.

கோப்பையில் தொடாத சாப்பாடு, வராத ஆள், வாசலில் நின்று கூப்பிடுகிற தாய். இது என்னவென்று எங்கட ஊரில் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால்தான் 'அந்தக் காலத்துக்கு நல்ல படம்' என்ற வசனம் எங்களுக்கு இன்னும் எரிகிறது.

அடுத்து, விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. லாங் என்றாலே 'ஜேர்மன் எக்ஸ்பிரஷனிசம், நிழல், வளைந்த கட்டடம், இருட்டு' என்று எழுதிவிட்டுப் போகிற பழக்கம் எங்கட தமிழ்ச் சூழலில் உண்டு. நாங்களும் எழுதியிருக்கிறோம். 'எம்' படத்தில் நிழல் இருக்கிறதுதான். எல்சி பந்தை அடித்து விளையாடும் விளம்பரத் தூணில் கொலைகாரனைப் பிடிக்கப் பத்தாயிரம் மார்க் சன்மானம் என்ற அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. அந்தக் கடதாசியின் மேலேயே அவனுடைய நிழல் விழுகிறது. அபாரமான ஷொட். ஆனால் படத்தின் பெரும்பகுதி நிழலால் ஆனதல்ல. மேசை, கோவை, ரெலிபோன், வரைபடம், சிகரட் புகை. பொலிஸ் கவராயம் வைத்து நகர வரைபடத்தில் வட்டம் கீறுகிறது. ஒரு கையெழுத்து நிபுணர் கொலைகாரனின் எழுத்தை வைத்து அறிக்கை சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. சோதனையில் பிடிபட்ட கத்தி, சாவி, களவுச் சாமான்கள் கடை போட்டதுபோல் வரிசையாக அடுக்கப்படுகின்றன. பொலிஸ் தலைவர் போனில் அமைச்சருக்கு விளக்கம் சொல்ல, அவர் சொல்கிற ஒவ்வொன்றும் படமாக ஓடுகிறது. இது ஒரு நகரம் எப்படி இயங்குகிறது என்று பிரித்துக் காட்டுகிற படம். அன்றைய ஜேர்மன் கலையில் உணர்ச்சிக் கொதிப்பை விட்டுப் பொருட்களை நிதானமாகப் பார்க்கிற ஒரு போக்கு இருந்தது. 'எம்' அதற்குத்தான் கிட்ட. 'ஒரு நகரம் கொலைகாரனைத் தேடுகிறது' என்று படத்துக்கு ஒரு துணைத்தலைப்பும் இருக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் நகரம். கொலைகாரன் செயப்படுபொருள் மட்டும்.

அந்த நகரம் எப்படித் தேடுகிறது என்று பார்த்தால் வயிறு கலங்கும். மதுக்கடை மேசையில் இருந்து ஒன்றாகக் குடித்த சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் கொலைகாரன் என்று குற்றம் சாட்டி அடிபடுகிறார்கள். தெருவில் ஒரு சின்னப் பிள்ளை ஒரு வயதானவரிடம் நேரம் கேட்கிறாள். அவர் பதில் சொன்னதுதான் தாமதம், 'பிள்ளையோடு உனக்கு என்ன கதை' என்று சனம் சூழ்ந்துவிடுகிறது. இரண்டு சாட்சிகள் பொலிஸில் வந்து தொப்பி சிவப்பா பச்சையா என்று தொண்டை கிழியச் சண்டை பிடிக்கிறார்கள். கூட்டத்துக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது. ஆதாரம் மட்டும்தான் இல்லை. இதைப் பார்த்துச் சிரித்த நாங்கள்தான், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து அதே கூட்டம் நிலவறைக்குள் ஆளைப் பிடித்து வைத்தபோது அதன் பக்கம் போய் நின்றோம். எங்கே மாறினோம்?

மாறின இடம் எங்களுக்குத் தெரியும். லாங் அதைத் தெரிந்தே செய்கிறார். பொலிஸ் உயரதிகாரிகள் ஒரு மேசையில் கூட்டம் போடுகிறார்கள். அதே நேரம் பாதாள உலகத் தலைவர்கள் இன்னொரு மேசையில். இரண்டையும் மாறி மாறி வெட்டுகிறார். ஷ்ரெங்கர் என்ற கள்ளர் தலைவன் ஒரு வசனத்தைத் தொடங்கிக் கையை வீசுகிறான், அந்தக் கைவீச்சைப் பொலிஸ் தலைவர் முடிக்கிறார். அங்கேயும் புகை, இங்கேயும் புகை. அங்கேயும் எழும்பி நடக்கிறார்கள், இங்கேயும். ஆர் பொலிஸ், ஆர் கள்ளன் எண்டு கொஞ்ச நேரத்தில் எங்களுக்கே பிடிபடாமல் போகிறது. இதை 'நல்ல எடிற்றிங்' என்று பாராட்டி விட்டுவிடக் கூடாது. ஆளைப் பிடிக்கிற ஆசை ஒன்றாகிவிட்டால் பிடிக்கிறவர்களும் ஒரேமாதிரி ஆகிவிடுவார்கள் என்பது லாங் ஒட்டுகிற ஒட்டிலேயே இருக்கிறது. இரண்டு மேசைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் உண்டு. பொலிஸ் தாமதமாகிறது, ஏனெண்டால் அவர்களுக்கு விதிமுறை இருக்கிறது. கள்ளர்கள் வேகமாக முடிக்கிறார்கள். எங்களுக்கு வேகம் பிடிக்கும். பிச்சைக்காரர்களுக்குத் தெருப் பிரித்துக் கொடுப்பது, ஒரு பெடியன் உள்ளங்கையில் சோக்கால் 'எம்' என்ற எழுத்தைக் கீறி, தடக்கி விழுவதுபோல் நடித்து அதைக் கொலைகாரனின் தோளில் பதிப்பது, கட்டடத்தை உடைத்து ஆளைத் தூக்குவது எல்லாம் அவ்வளவு விறுவிறுப்பு. அந்த விறுவிறுப்பில் நாங்கள் கட்சி மாறிவிடுகிறோம். ஸ்லோ என்று சொன்ன நண்பர்கூட அந்த இடத்தில் கதிரை நுனியில்தான் இருந்தார், நாங்கள் பார்த்தோம்.

தோளில் பதிந்த அந்த எழுத்து, கொலைகாரன் என்பதற்கான ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. அதை முதலில் காண்பது அவனோடு நிற்கிற சின்னப் பிள்ளை. மாமா, உங்களில் ஏதோ ஊத்தை பட்டிருக்குது என்று துடைத்துவிட வருகிறாள். அவன் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிறான். அந்த முகம்! பீற்றர் லோரேயின் பிதுங்கிய கண்கள். அதுவரைக்கும் வேட்டையாடினவன் அந்தக் கணத்தில் வேட்டையாடப்படுகிறவன் ஆகிறான்.

இனி நிலவறைக்கு வருவோம்.

ஹன்ஸ் பெக்கர்ட்டைப் படியில் உருட்டிவிடுகிறார்கள். எழும்பிப் பார்த்தால் எதிரே நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கமரா அந்த முகங்கள் மேல் மெல்ல நகர்கிறது. தலைமை தாங்குவது தோல் கோட்டும் கையுறையும் போட்ட ஷ்ரெங்கர். பெயருக்கு ஒரு 'சட்டத்தரணி'யும் கொடுக்கிறார்கள். ஷ்ரெங்கரின் வாதம் இதுதான்: பொலிஸிடம் கொடுத்தால் பைத்தியம் என்று சொல்லித் தப்புவான், அரச செலவில் சாப்பிடுவான், பிறகு வெளியில் வருவான், திரும்பவும் கொல்லுவான். ஆகவே ஒழித்துக்கட்ட வேண்டும். இந்த வாதத்தை நீங்கள் எங்கேயோ கேட்டிருப்பீர்கள். பஸ்ஸில், சலூனில், வீட்டு மேசையில், பேஸ்புக்கில்.

அப்போது பெக்கர்ட் பேசுகிறான். லோரேயின் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. நாங்கள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் நல்லவன் என்று சொல்லவில்லை. நீங்கள் விரும்பினால் களவை விடலாம், ஒரு தொழில் பழகலாம், எனக்கு விடமுடியாது, அது என்னைத் துரத்துகிறது என்கிறான். கூட்டத்தில் ஒரு சிலர் தங்களை அறியாமல் தலையாட்டுகிறார்கள். அந்தப் பெயருக்குச் சட்டத்தரணி எழும்பி, தன் கட்சிக்காரனைவிடத் தலைவரைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார். இங்கே நீதிபதியாக இருக்கிறவரே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுகிறவர் என்கிறார். தன்னைத் தானே கட்டுப்படுத்த முடியாத ஒருவனைக் கொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை, அரசுக்கும் இல்லை என்கிறார். கூட்டம் சிரிக்கிறது, கத்துகிறது, கடைசியில் பாய்கிறது.

இதற்குப் பின்னால் இருந்த உண்மை நிலைமையைக் கவனியுங்கள். டுசல்டோர்ப் நகரத்தை நடுங்கவைத்த பீற்றர் கூர்ற்றன் என்ற தொடர் கொலைகாரனுக்கு 1931 ஏப்ரலில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 'எம்' பேர்ளினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது மே 11. கூர்ற்றனின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டது யூலை 2. அதாவது இந்தப் படத்தை முதலில் பார்த்த சனம், மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு ஆள் உயிரோடு சிறையில் இருக்கும்போதே பார்த்தது. அவர்களுக்கு அது கற்பனைக் கேள்வியல்ல.

அந்த மே மாதமே படத்தைப் பார்த்த ஒருவர், இது மனிதாபிமானப் பசப்புக்கு எதிரான படம், மரணதண்டனைக்கு ஆதரவான படம், லாங் ஒரு நாளைக்கு எங்கட இயக்குநராக வருவார் என்ற கருத்தில் தன் நாட்குறிப்பில் குதூகலமாக எழுதி வைத்தார். அவர் பெயர் யோசெப் கோயபல்ஸ்.

எங்கட நண்பரைக் கோயபல்ஸ் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். அவர் பிள்ளையை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் கோயபல்ஸ் பார்த்த படத்தையேதான் நாங்களும் அன்றைக்குப் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. நிலவறைக் கூட்டத்தோடு அவரும் சேர்ந்து கத்தினார், நாங்களும் சேர்ந்து கத்தினோம். சரி, கோயபல்ஸ் வாசித்தது சரியான வாசிப்பா? வரலாறே பதில் சொல்லிவிட்டது. 1933 இல் லாங்கின் அடுத்த படமான 'டொக்டர் மபுசேயின் உயில்' அதே கோயபல்ஸால் தடைசெய்யப்பட்டது. 'எம்' படமும் நாசி ஆட்சியில் தடைக்குள் போனது. யூதரான லோரே நாட்டைவிட்டு ஓடினார். 1940 இல் வந்த 'நித்திய யூதன்' என்ற அருவருப்பான பிரச்சாரப் படத்தில், நிலவறையில் லோரே கதறும் காட்சியை வெட்டி ஒட்டி, யூதர் எப்படிப்பட்டவர்கள் பாருங்கள் என்று காட்டினார்கள். கூட்டம் ஒருவனைச் சூழ்ந்து நின்று 'இவன் மனிசனே இல்லை' என்று கத்துவதைக் காட்டிய காட்சியை, ஒரு இனத்தையே மனிசர் இல்லை என்று சொல்லப் பயன்படுத்தினார்கள். சந்தர்ப்பத்தை வெட்டி எறிந்தால் எந்தக் காட்சியும் எதற்கும் பயன்படும்.

லாங்கும் அதே 1933 இல் வெளியேறினார். கோயபல்ஸ் தன்னைக் கூப்பிட்டுப் பதவி தந்ததாகவும் தான் அன்றிரவே ரயிலேறியதாகவும் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய கடவுச்சீட்டில் இருக்கிற முத்திரைகளோ, அந்த வருசம் அவர் பல தடவை போய் வந்ததைக் காட்டுகின்றன. ஆள் தன்னைப் பற்றிக் கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர். அவருடன் சேர்ந்து 'எம்' திரைக்கதையை எழுதிய மனைவி தேயா ஃபொன் ஹார்பு நாசிக் கட்சியில் சேர்ந்தார். ஆகவே லாங்கை வீரனாக்கிச் சிலை வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. படம் என்ன சொல்கிறது என்பதைப் படத்தையும், அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்களையும் வைத்தே சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போய் அவர் எடுத்த முதல் படம் 'ஃபியூரி', 1936. அப்பாவி ஒருவனைப் பிள்ளை கடத்தினவன் என்று நினைத்து ஒரு ஊரே திரண்டு சிறைச்சாலைக்குத் தீ வைக்கிற கதை. நிலவறைக் கூட்டத்தை லாங் மறக்கவில்லை.

இந்த நிலவறை எங்களுக்குப் புதிதா?

எண்பதுகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களைப் பற்றி எங்கட வீடுகளில் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். அட்டையில் குற்றம் எழுதியிருக்கும். சமூகவிரோதி, துரோகி. யார் விசாரித்தது, யார் சாட்சி, அவனுக்காக யாராவது பேசினார்களா என்று கேட்க ஆளில்லை. காலமை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போனார்கள். மறுபக்கத்தில் அரச படைகளின் சுற்றிவளைப்பு. சனத்தை வரிசையில் விட, முகத்தை மூடின ஒரு தலையாட்டி இருந்து தலையை ஆட்டுவான். ஆட்டினால் அந்த ஆள் போனதுதான். சோக்கால் எழுத்துப் போடத் தேவையே இருக்கவில்லை. இரண்டு மேசை, ஒரே கைவீச்சு என்று லாங் காட்டியதை எங்கட தாய் தகப்பன் தெருவிலேயே பார்த்தார்கள். அந்த வரலாற்றில் இருந்து வந்த நாங்கள், நிலவறைக் காட்சியில் 'அவங்களிட்டையே விட்டிருக்கலாம்' என்று சொல்வது எப்படி?

பழைய கதை என்று தள்ளவும் ஏலாது. இலங்கையில் 1976 க்குப் பிறகு தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019 இல் திரும்பத் தொடங்க ஜனாதிபதி முயன்றார். அலுகோசு வேலைக்கு விளம்பரம் போட, நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அது நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்த செய்தி வரும்போது, பிடிபட்டவன்தான் செய்தவன் என்று தெரிய முதலே கயிறு கேட்டுக் கத்துகிறோம். பிடிபட்டவன் வேறு ஆள் என்று பிறகு தெரியவந்தால் பேசாமல் போனை நோண்டுகிறோம்.

இங்கே எங்களிடம் கேட்கப்படும் கேள்வி தெரியும். "உங்கட வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால் இப்படி எழுதுவீங்களோ?" நியாயமான கேள்வி. எங்கட வீட்டில் நடந்தால் நாங்களும் கொல்லத்தான் நினைப்போம். அதனால்தான் தீர்ப்பை எங்கட கையில் தரக்கூடாது என்கிறோம். 'எம்' இந்தக் கேள்வியில் இருந்து தப்பி ஓடுகிற படமும் அல்ல. படம் ஒரு தாயோடு தொடங்குகிறது. எல்சியின் கோப்பையை நாங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகவே, நிலவறையில் அந்தப் பலூன்காரர் எல்சிக்கு வாங்கிக் கொடுத்தது போன்ற ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு பெக்கர்ட்டின் தோளில் கையை வைக்கிறார். பெக்கர்ட்டுக்காகக் கொஞ்சம் இரங்கத் தொடங்கின எங்கட மூஞ்சிக்கு முன்னால் லாங் அந்தப் பலூனை ஆட்டுகிறார். இரங்கு, ஆனால் மறக்காதே. இரண்டையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிற படங்கள் எத்தனை இருக்கின்றன?

இன்னொன்றையும் கவனித்தோம், இரண்டாம் தரம் பார்த்தபோதுதான். பெக்கர்ட்டின் தோளில் மூன்று தடவை கை விழுகிறது. முதலாவது, சோக்கு எழுத்தைப் பதிக்கிற பெடியனின் கை. இரண்டாவது, கண் தெரியாத பலூன்காரரின் கை. மூன்றாவது, கூட்டம் பாயப்போகும் கணத்தில் சட்டத்தின் பெயரால் வந்து விழுகிற கை. அந்தப் பொலிஸ்காரரின் முகத்தை லாங் காட்டவில்லை. கூட்டம் கைகளை உயர்த்துவதை வைத்துத்தான் யாரோ வந்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரிகிறது. மூன்று கையும் அவனைப் பிடிக்கத்தான் வருகின்றன. மூன்றாவது மட்டும் அந்தக் கணத்தில் அவனைக் கூட்டத்திடம் இருந்தும் காப்பாற்றுகிறது. எங்கட ஊரில் பொலிஸின் கை எப்படிப்பட்டது என்று தெரியும், அதைப் பற்றி எங்களுக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் அந்தக் கையைத் திருத்தச் சொல்லிக் கேட்பது வேறு, அதை வெட்டி எறிந்துவிட்டு நிலவறைக்குப் போவது வேறு.

நிலவறையில் கூட்டம் கடைசியாகக் கத்துவது தாய்மாரின் பெயரில்தான். போய்த் தாய்மாரைக் கேள் என்று ஒரு பெண் கத்துகிறார். தாய்மாரின் பெயரைச் சொல்லித்தான் எல்லாக் கூட்டமும் கத்தும். லாங் என்ன செய்கிறார்? உண்மையாகவே போய்த் தாயைக் கேட்கிறார். நிலவறைக்கு அடுத்த காட்சி அசல் நீதிமன்றம். நீதிபதிகள் வந்து அமர்கிறார்கள். தீர்ப்பு என்னவென்று எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அதற்குப் பதிலாகக் கறுப்பு உடுத்த மூன்று தாய்மார். நடுவில் பெக்மன் அம்மா. எந்தத் தீர்ப்பாலும் எங்கட பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று அழுதுகொண்டு சொல்கிறார். படம் முடிகிறது.

அந்த வசனத்தைத் தாய்மாருக்கான புத்திமதி என்று வாசிப்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படி வாசிக்கவில்லை. உடுப்புத் தோய்த்துப் பிழைக்கிற ஒரு ஏழைத் தாய் நாள் முழுக்கப் பிள்ளைக்குப் பின்னால் நடக்க ஏலாது என்பதைப் படத்தின் முதல் காட்சியே காட்டிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க வேண்டியது அந்த நகரம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகும் வரைக்கும் பத்தாயிரம் மார்க் கடதாசி ஒட்டின நகரம், சிநேகிதனைச் சந்தேகித்த நகரம், தொப்பி சிவப்பா பச்சையா என்று அடிபட்ட நகரம். பிள்ளை உயிரோடு இருக்கும்போது அவளைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. செத்த பிறகு பழி வாங்க ஒரு நிலவறை நிறைய ஆட்கள்.

அடுத்த மாதம் 'எம்' படத்தைத் திரும்பப் போடப் போகிறோம். அதே வெள்ளைத்துணி, அதே இரவல் புரொஜெக்டர். அந்த நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, "நீங்கள் எழுதினது சரி, ஆனால் எனக்கு இன்னும் அவனில கோபம்தான்" என்றார். கோபப்படுங்கோ. பெக்மன் அம்மாவுக்கும் கோபம் இருந்திருக்கும். படம் முடிந்து லைட் போட்ட பிறகு, இந்த முறை நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டோம்.